ஃபீஸ் கட்டியவர் யார்?

நைட் டூட்டியில் இருக்கும் நர்ஸிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘‘என்ன சிஸ்டர், இன்னிக்கு வார்டு ரொம்ப அமைதியா இருக்கே!’’

அவ்வளவுதான். சீனியர் சிஸ்டர் முறைப்பார். சொன்ன வாயை மூடுவதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும், மூன்று கேஸ் ஒன்றாக வந்து இறங்கும் என்பது ஐதீகம். நம் ஊரில் மட்டுமில்லை, வெள்ளைக்காரர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. இங்கிலாந்தில் மருத்துவமனை ஆய்வுக்கூடம் ஒன்றில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சில நாட்கள் வேண்டுமென்றே ‘இன்று அமைதியான நாள்’ என்று சொல்வது, சில நாட்கள் சொல்லாமல் விடுவது. 2019-ல் முடிவு வெளியானது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனாலும் எந்த நர்ஸாவது அதை நம்பி வாயைத் திறப்பார் என்கிறீர்கள்?

இதுபோன்ற பாடங்கள் நர்ஸிங் புத்தகத்தில் கிடையாது. வார்டில்தான் கிடைக்கும்.

ஆண் குழந்தையின் ஈரத் துணியை அவிழ்க்கும்போது, இன்னொரு துணியை மேலே போட்டுக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும். மறந்தால் யூனிஃபார்முக்கு அபிஷேகம். ‘‘குமட்டுது சிஸ்டர்’’ என்று ஒருவர் சொன்னால், எதிரே நின்று ‘‘என்ன பண்ணுது?’’ என்று அக்கறையாகக் குனியக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து நின்று விசாரிக்க வேண்டும். அதை ஒரு முறைதான் மறக்க முடியும்!

அடுத்தது சாப்பாட்டு விஷயம். ஆபரேஷனுக்குப் போகும் பாட்டியிடம், ‘‘ஏதாவது சாப்பிட்டீங்களா பாட்டி?’’ என்று கேட்கிறார் புதிதாக வந்த சிஸ்டர்.

‘‘நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை தாயி.’’

‘‘நிஜமாவா?’’

‘‘சத்தியமா. காலையில ஒரே ஒரு காபி. தொட்டுக்க ரெண்டு பன்னு.’’

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் சாப்பாடு என்றால் இலை போட்டுச் சாப்பிடுவது. காபியும் பன்னும் அதில் சேராது. ஆனால், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் தண்ணீருக்கு 2 மணி நேரம், பலகாரத்துக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கலந்த காபியும் பலகாரக் கணக்குதான். அதனால் அனுபவப்பட்ட சிஸ்டர்கள் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதில்லை. ‘‘விடிஞ்சதுலேர்ந்து வாயில என்னென்ன போட்டீங்க?’’ என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார்கள்.

இன்னொன்று, பெயர். ‘‘நீங்கதானே முருகேசன்?’’ என்று கேட்டால் வார்டில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். ஒருவருக்குக் காது மந்தம். ஒருவருக்குத் தூக்கக் கலக்கம். இன்னொருவருக்கு, சிஸ்டர் எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிடும் பயம். ஆகவே, ‘‘உங்க பேர் என்ன?’’ என்று கேட்டு, பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ரத்தப் பை ஆள் மாறி ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையில்லை.

இங்கேதான் ஒரு நிமிஷம் நிற்க வேண்டியிருக்கிறது.

‘பட்டால்தான் புத்தி வரும்’ என்கிறோம். பட்டறிவு என்று அழகாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறோம். சரி, பட்டது யார்? புத்தி வந்தது யாருக்கு? நான் காமர்ஸ் படித்தவன். வரவு என்று ஒன்று இருந்தால் பற்று எங்கே என்று தேடுகிற புத்தி போகாது.

குழந்தை விஷயத்திலும் குமட்டல் விஷயத்திலும் கணக்கு நேர். பாடம் நர்ஸுக்கு, செலவும் நர்ஸுக்கு. ஒரு சோப்பு, ஒரு குளியல், தீர்ந்தது. பாட்டி, முருகேசன் விஷயம் அப்படியில்லை. பாடம் ஒருவருக்கு. ஃபீஸ் இன்னொருவருக்கு. அதுவும் அவரைக் கேட்காமலே வசூலிக்கப்பட்ட ஃபீஸ்.

இது நியாயமா?

‘அப்படியானால் புதிய நர்ஸ்களை நோயாளி பக்கமே விடாதீர்கள்’ என்று சொல்லிவிடலாம். அப்புறம் பழைய நர்ஸ்கள் எங்கிருந்து வருவார்கள்? ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழகலாம். பொம்மையில் பழகலாம். என்றாவது ஒருநாள் முதல் ஊசி ஒரு நிஜக் கையில் இறங்கித்தான் ஆக வேண்டும். நமக்கு வலிக்காமல் ஊசி போடும் ஒவ்வொரு சிஸ்டருக்குப் பின்னாலும், வலித்த ஒரு கை இருக்கிறது.

அந்தக் கை பெரும்பாலும் யாருடையது? தனி ரூம் எடுத்தவர், ‘‘சீனியர் சிஸ்டரை வரச் சொல்லுங்க’’ என்பார். ஜெனரல் வார்டில் படுத்திருப்பவர் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே கை பழகியவர்களில் பலர் பிறகு கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கும், வளைகுடாவுக்கும், லண்டனுக்கும் போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால், ஏழை கட்டிய ஃபீஸில் வசதியானவர் சுகம் பெறுகிறார் என்பதும் கணக்கில் ஏற வேண்டும்தானே?

இந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, ஒரே பாடத்துக்கு இரண்டாவது ஆளிடம் ஃபீஸ் வாங்காமல் இருப்பது.

நர்ஸ்கள் மெஸ்ஸில் பாட்டியின் பன் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அது வெறும் அரட்டை இல்லை. ஒருவர் கற்ற பாடத்தை நாற்பது பேர் ஓசியில் கற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சிரிக்க முடிந்த கதைதான் மெஸ்ஸுக்கு வருகிறது. சிரிக்க முடியாதது மனசுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. சொன்னால் மெமோ, சஸ்பெண்ட், வாசலில் கண்ணாடி உடைப்பு. யார் வாய் திறப்பார்கள்? பாடம் புதைந்துவிட்டால், அடுத்த ஊரில் இன்னொரு முருகேசன் அதே ஃபீஸை மறுபடி கட்டுகிறார்.

விமானத் துறை இதை முன்பே புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976-லிருந்து, விமானிகள் தெரியாமல் செய்த தவறை நாசா நடத்தும் ஓர் அமைப்புக்குத் தாங்களே எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே வராது. பெரும்பாலும் தண்டனையும் இல்லை. பாடம் மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேரும். மருத்துவ உலகம் விழித்தது தாமதமாகத்தான். சிகிச்சைத் தவறுகளால் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 1999-ல் ஓர் அறிக்கை மதிப்பிட்டது. அது தேடியது கெட்ட மனிதர்களை அல்ல, தவறு நடக்க வசதி செய்து கொடுக்கும் ஏற்பாடுகளை.

பொட்டாசியம் குளோரைடு ஓர் உதாரணம். தண்ணீர் மாதிரி இருக்கும் மருந்து. கலக்காமல் அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ‘ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டுவது ஒரு வழி. அந்த மருந்தையே வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. பல நாடுகளில் இரண்டாவதைத்தான் செய்தார்கள். மூன்றாவது ஷிஃப்ட்டில் கண் சொக்கும் மனுஷியிடம் ஜாக்கிரதையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டுமா? கூடாது. குடித்துவிட்டு டூட்டிக்கு வருவதும், களைப்பில் லேபிளைத் தவறாகப் படிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்குத் தண்டனை. பின்னதற்கு, தண்டனைக்கு முன்னால் ஒரு கேள்வி. ‘‘என்னம்மா நடந்தது?’’ அந்தக் கேள்வியைப் பயமில்லாமல் எதிர்கொள்ள முடிகிற ஆஸ்பத்திரியில்தான் நோயாளியும் பயமில்லாமல் படுக்க முடியும்.

ஆகவே, அடுத்த முறை ஒரு சிஸ்டர் மூன்றாவது தடவையாக, ‘‘உங்க பேர் என்ன சார்?’’ என்று கேட்டால், ‘எத்தனை தடவைதான் கேப்பீங்க?’ என்று எரிந்து விழாதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கோ, யாரோ ஏற்கெனவே ஃபீஸ் கட்டிவிட்டார். நீங்கள் கட்ட வேண்டாம்.

பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.