கண்ணில் படாத பயன்: இதயநோய்த் தடுப்பும் ஊழ் பற்றிய வினாவும்

மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லாமல் கொள்ளாமல் வருவன போலத் தோன்றுவதால், வேறு பல நோய்களைக் காட்டிலும் அவை ஊழ் பற்றிய வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவரில் பல்லாண்டுகளாகப் படிந்துவந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுவதே பெரும்பாலான மாரடைப்புகளின் கதை. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுவதாலோ, உயர்ந்த அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்து கசிவதாலோ நேர்வது பக்கவாதம். இரண்டிலும் நோய் வளரும் காலம் நீண்டது, வெளிப்படும் பொழுதோ மிகக் குறுகியது. முப்பதாண்டுகளாக உள்ளுக்குள் நடந்துவந்த ஒன்று அரைமணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும்போது சுற்றத்தார் வாயில் முதலில் வரும் சொல் 'விதி' என்பதே. நாள்கள் சில கழிந்தபின், சொன்னதைக் கேட்கவில்லை, உப்பைக் குறைக்கவில்லை, பீடியை விடவில்லை என்று அதே வாய்கள் நோயாளியின்மீது குற்றம் சாட்டத் தொடங்குகின்றன. முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரு தீர்ப்புகளும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து ஒலிப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டும் நோயின் வேரை அந்த ஒரு மனிதருக்குள்ளேயே தேடுகின்றன, ஒன்று அவருடைய முற்பிறவியில், மற்றொன்று அவருடைய நடத்தையில். கடந்த எண்பது ஆண்டுகளில் தடுப்பு மருத்துவம் கண்டறிந்தவற்றை வைத்து நோக்கினால் இரண்டும் போதாதவை; அவை போதா என்பதை இந்திய மெய்யியலின் சில பழைய ஏடுகளும் தம் வழியில் உணர்ந்திருந்தன.

உயர் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் என்பதே மருத்துவத்தில் அவ்வளவு பழைய அறிவு அன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தபோது அவரது அழுத்தம் 186/108 என இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில், மூளையில் இரத்தம் கசிந்து அவர் நினைவிழந்தபோது அது 300/190 வரை ஏறியிருந்தது. வயது ஏற ஏறக் குறுகிவரும் குழாய்களில் இரத்தத்தைத் தள்ளுவதற்காக உடலே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, ஆகவே அதைக் குறைப்பது தீங்காய் முடியலாம் என்று அக்கால மருத்துவர் பலர் எண்ணினர்; குறைக்க விரும்பியவர் கையிலும் தக்க மருந்து இல்லை. ரூஸ்வெல்ட்டுக்குப் பின் பதவியேற்ற ஹாரி ட்ரூமன் 1948இல் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டே மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் நகரவாசிகளைப் பல்லாண்டு தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கி, 5,209 ஆண்களையும் பெண்களையும் தன் முதல் அணியில் சேர்த்துக்கொண்டது. புகைப்பழக்கம், உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவற்றை 'இடர்க்காரணி' என்னும் பெயரால் மருத்துவ உலகம் அறிந்துகொள்ள இவ்வாய்வே பெருங்காரணம். இடர்க்காரணி என்பது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது, ஆனால் நோய் வந்தே தீரும் என்று உறுதி சொல்லாதது. காரணம் இருந்தால் காரியம் உண்டு, அது இல்லையேல் இதுவும் இல்லை என்று அன்வயமும் வெதிரேகமும் கொண்டு காரணத்தை வரையறுக்கும் தருக்க மரபுக்கு இத்தகைய காரணம் எளிதில் பிடிபடாது. பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது மறுக்க முடியாததாகவும், ஒருவரைத் தனித்துப் பார்க்கும்போது கைக்கு அகப்படாததாகவும் அது இருக்கிறது.

இந்த அகப்படாமை எத்தகையது என்பதை ஓர் ஆய்வின் எண்களைக் கொண்டு அணுகிப் பார்க்கலாம். இதயம் சுருங்கும்போது இருக்கும் மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருந்த, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1991இல் முடிவு வெளியான ஆய்வில், ஒரு பாதியினர் குளோர்தாலிடோன் என்னும் விலை மலிந்த மாத்திரையை முதல் மருந்தாகப் பெற்றனர். மறுபாதியினர் மருந்துச் சத்து இல்லாத மாத்திரையைப் பெற்றனர். ஐந்தாண்டுக் காலத்தில் மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 8.2 பேருக்கும் பெற்றோரில் நூற்றுக்கு 5.2 பேருக்கும் பக்கவாதம் வந்தது. மருத்துவ அளவில் இது பெரிய வெற்றி. ஆயினும் மருந்துண்ட நூறு பேரை மனக்கண்ணில் வரிசையாக நிறுத்தினால், ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் அந்த ஐந்தாண்டில் நோய் வந்திராது. ஐவர் நாள் தவறாமல் விழுங்கியும் வீழ்ந்தனர். எஞ்சிய மூவரே அம்மாத்திரையால் காக்கப்பட்டவர்கள். அந்த மூவர் யார் என்று மருத்துவருக்குத் தெரியாது, அவர்களுக்கே தெரியாது, ஐந்தாண்டு முடிந்த பிறகும் எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. முறிந்த எலும்பைக் கட்டிய வைத்தியருக்கு நன்றி சொல்ல ஒருவர் இருக்கிறார். வராத பக்கவாதத்திற்காக நன்றி சொல்ல வருபவர் ஒருவரும் இலர்.

இலண்டன் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1981இல் இதையே 'தடுப்பின் முரண்' என்று பெயரிட்டு எடுத்துரைத்தார்: சமுதாயம் முழுமைக்கும் பெரும்பயன் தரும் தடுப்பு, அதில் பங்குகொள்ளும் தனி மனிதர் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிதளவே தருகிறது. 1985இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை இன்னும் ஆழமான ஒன்றைத் தொட்டது. கென்யாவின் நாடோடி மக்களின் இரத்த அழுத்த அளவுகளையும் இலண்டன் அரசு ஊழியர்களின் அளவுகளையும் அருகருகே வைத்த அவர், ஒவ்வொரு கூட்டத்திலும் சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருப்பதைக் காட்டிலும், ஒரு கூட்டம் முழுவதுமே மற்றதைவிட உயரத்தில் நிற்பதுதான் கவனிக்கத்தக்கது என்றார். ஒரு கூட்டத்திற்குள் இவருக்கு ஏன் நோய், அவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால் பரம்பரைக் கூறுகளும் தனிப் பழக்கங்களும் விடையாகக் கிடைக்கும். இந்தக் கூட்டத்திற்கே ஏன் இந்நோய் மிகுதி என்று கேட்டால், எல்லோரும் உண்ணும் உப்பும் எல்லோரும் சுவாசிக்கும் புகையும் எல்லோரும் செய்யும் வேலையின் இயல்பும் விடையாக வந்து நிற்கும். முதல் கேள்வியை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இரண்டாவது கேள்வி இருப்பதே தெரியாமல் போகிறது. விதியையும் நோயாளியையும் மாறிமாறிக் குறைகூறும் பழக்கம் அந்த அறியாமையில்தான் தழைக்கிறது.

இந்நிலையில், எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பின் மருந்து எதற்கு என்னும் வாதத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கிரேக்கர் இதைச் 'சோம்பல் வாதம்' என்றனர். பிணி நீங்குவது உன் விதியாயின் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் நீங்கும் என்பது அதன் வடிவம். விதியை முழுமையாக ஏற்ற ஸ்டோயிக் மெய்யியலாளர் கிரிசிப்பஸே அதை மறுத்தார் என்பது கவனத்திற்குரியது: பிணி நீங்குவது விதியென்றால் மருத்துவரை அழைப்பதும் அவ்விதியோடு சேர்த்தே விதிக்கப்பட்டது, ஒன்றைப் பிரித்து மற்றொன்றைப் பெற முடியாது என்பது அவர் விடை. பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் உள்ள சீவக சுத்தம் வேறொரு வழியில் செல்கிறது. மனிதர் நுகரும் துன்பமெல்லாம் முன்வினையின் விளைவே என்பாரைப் பற்றி மோலியசீவகன் என்னும் துறவி கேட்க, பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாத நடத்தை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் ஆகியவற்றை அடுக்கிய பிறகே எட்டாவதாக வினைப்பயனைப் புத்தர் வைக்கிறார். எல்லாவற்றையும் வினையின் தலையில் போடுவோர் தம் அனுபவத்தையும் உலகம் அறிந்த உண்மையையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் சொல்கிறார். வினைக் கோட்பாட்டை மறுக்காத ஒருவரே அதற்கு எல்லை வகுத்தது சிறப்பு.

எனினும் இவ்வினாவுக்கு மிக அருகில் வரும் நூல் சரக சம்ஹிதைதான். அதன் விமானத்தானத்து மூன்றாம் அத்தியாயத்தில், பாஞ்சால நாட்டுக் காம்பிலியத்தில், கோடையின் கடைசி மாதத்தில், கங்கைக்கரைக் காட்டில் மாணாக்கரோடு நடந்துகொண்டிருக்கும் ஆசான் ஆத்திரேயர், பருவமும் கோள்நிலையும் திரிந்திருப்பதைக் கண்டு, மூலிகைகள் தம் வீரியத்தை இழக்கும் முன்னரே அவற்றைப் பறித்து வைக்குமாறு அக்கினிவேசனிடம் கூறுகிறார். நோய் வருமுன்னரே மருந்து திரட்டச் சொல்லும் இடத்திலிருந்து அத்தியாயம் தொடங்குகிறது. உடல்வாகும் உணவும் வலிமையும் வயதும் வெவ்வேறாக உள்ள மக்கள் ஒரே காலத்தில் ஒரே நோயால் மடிவது எப்படி என்று மாணவன் கேட்கிறான். காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொதுவானவை, அவை கெடும்போது ஊரே கெடுகிறது என்பது ஆசானின் விடை. அவை கெடுவதற்கு வேராக அதர்மத்தையும், நாட்டையும் நகரையும் ஆள்வோர் அறம் தவறி நடப்பதையும் அவர் காட்டுகிறார். பெருவாரி நோய்களைக் குறித்து எழுந்த இவ்விடை மாரடைப்பையோ பக்கவாதத்தையோ எண்ணிச் சொல்லப்பட்டதன்று. ஆயினும் ரோஸ் கேட்ட இரண்டாவது கேள்வியின் வடிவம் அங்கே முழுமையாக இருக்கிறது.

அதே அத்தியாயம் ஆயுள் வரையறுக்கப்பட்டதா என்னும் கேள்விக்கும் செல்கிறது. முற்பிறவியில் செய்த செயல் தெய்வம் எனப்படும், இப்பிறவியில் செய்வது புருஷகாரம் எனப்படும். இரண்டும் சேர்ந்தே ஆயுளை அமைக்கின்றன. வலியது மெலியதை வெல்லும் என்கிறார் ஆசான். தக்க காலத்தில் வரும் சாவையும் காலத்திற்கு முன் வரும் சாவையும் பிரித்துக்காட்ட அவர் எடுத்துக்கொள்ளும் உவமை வண்டியின் அச்சு. நல்ல மரத்தில் செய்து முறையாக ஓட்டப்படும் வண்டியின் அச்சு தன் இயல்பான தேய்மானம் முடிந்தபின் ஓய்கிறது. அதே அச்சு மிகுபாரத்தாலும், மேடுபள்ளமான வழியாலும், வழியே அல்லாத இடத்தில் ஓட்டப்படுவதாலும், கடையாணி கழல்வதாலும், எண்ணெய் இடாமையாலும் இடையிலேயே முறிந்துபோகிறது. இப்பட்டியலில் ஓட்டுநரின் குறையும் உண்டு என்பது உண்மை. ஆனால் பாதை போட்டவர் யார், பாரம் ஏற்றியவர் யார் என்னும் கேள்விகளுக்கும் அதே பட்டியல் இடம் தருகிறது.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். குவிந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதி பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். நோயைக் கண்டதும் மக்கள் பேசுவது பெரும்பாலும் பிராரத்தத்தைப் பற்றியே. நோயுற்றவருக்கு அருகில் நிற்பவரின் சொல்லும் செயலும் ஆகாமியமாக அந்த நேரத்திலேயே திரண்டுகொண்டிருக்கின்றன என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வினைக் கோட்பாடு ஒருவர் தம் வாழ்வைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்கு உரியது. படுக்கையில் கைகால் விளங்காமல் கிடக்கும் இன்னொருவர்மீது தீர்ப்பெழுதுவதற்கு அதைப் பயன்படுத்துவது கோட்பாட்டுக்கும் இழுக்கு, மனிதத்தன்மைக்கும் இழுக்கு.

பொதுக்காரணத்தின் மீது கைவைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பின்லாந்தின் வட கரேலியா மாநிலத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்தபோது, அம்மக்களின் பிரதிநிதிகளே 1971இல் அரசிடம் முறையிட, 1972இல் இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. ரொட்டியில் தடவும் வெண்ணெயையும் உணவின் உப்பையும் புகைப்பழக்கத்தையும் குறைக்க மாதர் சங்கங்கள் ஊர்தோறும் மாலைநேரச் சமையல் கூட்டங்கள் நடத்தின. வெண்ணெயின் தேவை குறைந்தால் வருவாய் இழக்கும் பால்பண்ணையாளர் சிலர் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவி கிடைத்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்புச் சாவு எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சீனாவில் 600 சிற்றூர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சமையல் உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியது மட்டுமே பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. மாத்திரை வாங்கவே ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்த ஒருவர் மருந்தை நிறுத்தியதை அவருடைய குணக்கேடு என்று கூறுவது எவ்வளவு அநீதி என்பதை இத்திட்டத்தின் தேவையே உணர்த்துகிறது.

பயன் கருதாது செயல்படுதல் என்று கீதை மரபு பேசுவதற்குத் தடுப்பு மருத்துவம் எதிர்பாராத ஓர் எடுத்துக்காட்டாக அமைகிறது. தன் பயனை ஒருபோதும் காண முடியாது என்று தெரிந்தே நாள்தோறும் மாத்திரை விழுங்குபவரும், யாரைக் காத்தோம் என்று அறியாமலே ஊரின் உப்பைக் குறைப்பவரும் பெயர் தெரியாத மூவருக்காக உழைக்கிறார்கள். அந்த மூவரில் தாமும் ஒருவராக இருக்கலாம் என்னும் எண்ணம் அச்செயலின் அறத்தைக் குறைப்பதில்லை. ஆனால் பயன் கண்ணில் படாது என்பதே இங்கு ஆபத்தும் ஆகும், ஏனெனில் தீங்கும் அவ்வாறே கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று நம்பிப் பல்லாண்டு கொடுத்துவந்த பின், 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த அம்மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சற்றே கூட்டியிருந்தது. நோயென்று தேடி வந்தவருக்குச் சிகிச்சை தருவதைவிட, நலமாக இருப்பவரின் வீடு தேடிப் போய் மருந்து கொடுப்பதற்குக் கடுமையான சான்று வேண்டும் என்பது அறத்தின் கோரிக்கை. அதை ஒதுக்கிவிட்ட நல்லெண்ணம் ஊறு செய்யும்.

சரகர் பிரித்த இருவகைச் சாவில், தடுப்பு மருத்துவத்தின் உரிமை காலத்திற்கு முன் வருவதன் மீதே செல்லும். தேய்ந்து முடிந்த அச்சுக்கு அது செய்யத்தக்கது வேறு. இதயத்துடிப்பு ஆபத்தான முறையில் தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் சிறு கருவி நெஞ்சில் பொருத்தப்பட்டவர்கள், புற்றுநோய் முற்றியோ முதுமை மிகுந்தோ இறுதி நாள்களில் இருக்கும்போது, அக்கருவி அவர்களை மீண்டும் மீண்டும் அதிரவைப்பதுண்டு. நோயாளியின் விருப்பப்படி அதன் அதிர்ச்சிச் செயலை நிறுத்துவது அறத்திற்கு உடன்பாடானதே, அது கொலையோ தற்கொலையோ ஆகாது என்று அமெரிக்க இதயத்துடிப்பு மருத்துவர்களின் சங்கம் 2010இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கருவியைப் பொருத்தும் நாளிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் அது மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறது.