பின்வரிசையில் நிற்பவர்கள்

போர்க்காலக் குழுப்படத்தைக் கையில் எடுத்தால் கண் முதலில் முகங்களைத்தான் தேடும். ஆனால் அந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது, அதில் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, முகத்தை விட்டுவிட்டு மார்பையும் சட்டைக் கையையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆவது ஸ்குவாட்ரன் 1940இல் எடுத்துக்கொண்ட படங்களையே பார்ப்போம். இடது மார்பில் இரட்டைச் சிறகு இருந்தால் அவர் விமானி. ஒற்றைச் சிறகோடு ஏ.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் அவர் கன்னர், அதாவது விமானத்தில் துப்பாக்கி இயக்குபவர். அந்த ஒற்றைச் சிறகு 1939 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு கன்னர்கள் சட்டைக் கையில் சிறகு வைத்த பித்தளைத் தோட்டாச் சின்னத்தை அணிந்தார்கள். கன்னர்களில் பலர் அப்போது கடைநிலை வீரர்கள். சார்ஜென்ட் பட்டை அவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது 1940 மே இறுதியில். எனவே பட்டை இல்லாத கன்னர்கள் நிற்கும் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

இந்தப் படைப்பிரிவுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்’ என்று ஒரு பெயர் இருந்தது. அன்றைய நம் சென்னை மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காக வைக்கப்பட்ட பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் யார், எப்படி மாண்டார்கள் என்று நாம் விசாரித்ததே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அவர்கள் ஓட்டியது டிஃபையன்ட் விமானம். அதில் இருவர் மட்டுமே. முன்பக்கம் துப்பாக்கி கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். நடைமுறையில் விமானி சுட முடியாது, கன்னர் ஓட்ட முடியாது. ஒருவர் உயிர் மற்றவர் கையில். 1940 மே 29 அன்று டன்கர்க் வானில் 30க்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாக இவர்கள் கணக்குக் கொடுத்தார்கள். ஜெர்மானியப் பதிவுகளோடு ஒப்பிட்டால் உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. போர் மும்முரத்தில் ஒரே விமானத்தைப் பலர் சுட்டுப் பலரும் கணக்கில் சேர்ப்பது வழக்கம். அதில் பொய் எதுவும் இல்லை. கீழிருந்தும் முன்னிருந்தும் தாக்கினால் டிஃபையன்ட்டால் திருப்பிச் சுட முடியாது என்பதை ஜெர்மானியர்கள் விரைவிலேயே தெரிந்துகொண்டார்கள். கூண்டு மின்சாரத்தால் சுழல்வது. அடிபட்டு மின்சாரம் நின்றால் கன்னர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினாலும் கன்னர் தப்புவது அரிது. ஆகஸ்ட் 24 அன்று தளபதி பிலிப் ஹண்டரும் அவருடைய கன்னர் ஃபிரெடெரிக் கிங்கும் ஒரு ஜெர்மானிய விமானத்தைத் துரத்திக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

யார் யாரோடு எப்போது பறந்தார் என்ற விவரங்களைத் தருவது படைப்பிரிவின் நாட்குறிப்பு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது. ஒவ்வொரு பறப்புக்கும் விமானியின் பெயர், கன்னரின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கங்களையும் சீருடைக் குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு படத்தில் இருக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகக் கழிந்துபோவார்கள். மிஞ்சும் சிலரில் யார் எந்த முகம் என்பதில்தான் ஆபத்து. சாயலை வைத்துப் பெயர் சூட்டும் ஆசை யாருக்கும் வரும். அப்படித் தவறாக ஒரு பெயரைப் போட்டால், படத்தில் நிற்பவரும் தொலைகிறார், வேறெங்கோ நிற்கும் அந்தப் பெயருக்குரியவரும் தொலைகிறார். உறுதியில்லாத இடத்தை வெறுமையாக விடுவதே இறந்தவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

விமானங்களைப் பழுது பார்த்த, தோட்டா நிரப்பிய தரைப்பணியாளர்களுக்கோ நாட்குறிப்பின் அந்த அட்டவணையில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை.

பதவி வேற்றுமை உயிரோடிருந்தபோதும் இருந்தது, சாவுக்குப் பிறகும் விடவில்லை. மே மாதச் சண்டைகளுக்காக ஹண்டருக்குக் கிடைத்தது அதிகாரிகளுக்குரிய டி.எஸ்.ஓ. விருது, அதே விமானத்தில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து சுட்ட கிங்குக்குக் கடைநிலையினருக்குரிய டி.எஃப்.எம். பதக்கம். கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப் படையினரின் பெயர்களைத் தாங்கி 1953இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவிடத்தில், பெயர்கள் ஆண்டுவாரியாகவும் பதவிவாரியாகவும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே விமானத்தில் போன இருவரின் பெயர்களும் அங்கே அருகருகே இல்லை. குழுப்படங்களுக்கு விளக்கம் எழுதுபவர்களாவது, உட்கார்ந்த வரிசை, நின்ற வரிசை என்று பிரிக்காமல், யார் யாரோடு பறந்தார் என்று சோடி சோடியாக எழுத வேண்டும். அதற்கு வேண்டிய தகவல் நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.