ஃபாரம் 700

விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவர்களுக்கு ஃபாரம் 700 என்றால் தெரியும். விமானம் பறக்கத் தயார் என்று வேலை பார்த்தவன் அதில் கையெழுத்துப் போடுவான். பிறகுதான் பைலட் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்பார். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, வடக்கே ஒரு தளத்தில், இருபது வயதில் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை.

இப்போது இருப்பது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில். எதிர்வீட்டில் பூக்கட்டும் தங்கச்சி ஒருநாள், "நீங்களா சுட்டீங்க? நட்டு போல்ட்டு முடுக்கினீங்க. அதுல என்னண்ணே பாவம்?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு கோயிலுக்குப் போய்விட்டாள். இரண்டு கார்த்திகை தீபம் முடிந்தும் எனக்கு அது முடியவில்லை.

நான் வேலை பார்த்தது நேட் என்ற போர் விமானத்தில். கொசு மாதிரிப் பூச்சியின் ஆங்கிலப் பெயர். இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட வராது. உள்ளே ஆர்ஃபியூஸ் இன்ஜின். பிரிட்டிஷ் வடிவமைப்பு, உரிமம் பெற்று பெங்களூரில் செய்தது. ஏழு அடுக்குக் கம்ப்ரசர் காற்றை நெருக்கித் தள்ளும். அதில் எரிபொருள் தூவி எரியும். அந்த அனல் டர்பைனைச் சுழற்ற, டர்பைன் கம்ப்ரசரைச் சுழற்றும். தனக்கு வேண்டிய காற்றை நெருப்பே இழுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கம் ஒரு மூலை, வாயு லிங்கம் எதிர் மூலை, நடுவில் மலை. இன்ஜினுக்குள் இரண்டுக்கும் சாண் இடைவெளி கிடையாது.

நேட்டில் இன்னொன்று. 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டும், காற்று போகும் வாயின் பக்கச்சுவரிலேயே பொருத்தியிருக்கும். டார்ச் அடித்து இன்டேக்கைப் பார்க்கும்போதெல்லாம் பீரங்கிக் குழாய் என் காதுக்குப் பக்கத்தில். நட்டு போல்ட்டு மட்டும்தான் பார்த்தேன் என்று நான் எப்படிச் சொல்வது?

படையின் முத்திரை வாசகம் கீதையின் 11-ஆம் அத்தியாயத்தில் இருந்து எடுத்தது. வானைத் தொட்டு ஒளிர்வது என்று பெருமையாகப் பொருள் சொல்வோம். ஓய்வு பெற்றபிறகுதான் அத்தியாயத்தை முழுதாகப் படித்தேன். அந்தச் சொற்களைச் சொல்லும்போது அர்ஜுனனுக்குப் பெருமிதமே இல்லை. விசுவரூபத்தைக் கண்டு உள்ளம் நடுங்கி, தைரியமும் அமைதியும் போயிற்று என்று கதறுகிறான். நீ வெறும் கருவிதான் என்ற ஆறுதல் அவனுக்குக் கிடைப்பது அதற்குப் பிறகு. நாங்கள் நடுக்கத்தை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அன்று நடுங்கவில்லை. லாக்கிங் வயர் சரியாக முறுக்கியிருக்கிறதா, ஸ்பேனர் எண்ணிக்கை சரியா, இதுதான் கவலை. பீரங்கி வாய் கரியாகி விமானம் திரும்பி வந்தால் கைதட்டினோம்.

டிசம்பர் 14 அன்று, குண்டு விழுந்துகொண்டிருந்த ஸ்ரீநகர் ஓடுபாதையிலிருந்து நிர்மல்ஜித் சிங் சேகான் நேட்டில் கிளம்பினார். எதிரே பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள். அவர் திரும்பவில்லை. விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம வீர சக்கரம் அவருடையது. அந்த விமானத்துக்கும் எவனோ ஒரு ஃபிட்டர் கையெழுத்திட்டிருப்பான். இன்ஜின் நன்றாக ஓடியதே என்பது அவனுக்கு ஆறுதலா, ஸ்டார்ட் ஆகாமல் போயிருக்கலாமே என்ற ஏக்கமா?

நேட்டை வடிவமைத்தவர் டெடி பெட்டர் என்ற ஆங்கிலேயர். கான்பரா குண்டுவீச்சு விமானமும் அவர் கைவண்ணம்தான். 1959 வாக்கில் எல்லாவற்றையும் உதறிவிட்டு சுவிட்சர்லாந்தில் ஓர் ஆன்மிகக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். விமானத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. 1968-ல் காலமானார். இதைப் படித்த அன்று, நாமும் மலையடிக்கு வந்துவிட்டோமே என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது. அப்புறம் உறைத்தது. அவர் விலகிய பிறகும் பெங்களூரில் நேட் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. அதில்தான் நான் கையெழுத்திட்டேன். அவரும் போரில்லாத நாளில் விலகினார், நான் பென்ஷன் வந்தபின் விலகினேன். இதையெல்லாம் துறவு என்று கணக்கெழுத முடியாது.

அந்தக் கையெழுத்துக்காக நான் வருந்தவில்லை. எதிரி விமானம் தலைக்கு மேல் வந்தால் இன்றும் போடுவேன். ஆனால் வெறும் கருவி என்று இனிச் சொல்லமாட்டேன். ஸ்பேனர்தான் கருவி. அதைப் பிடித்தவன் நான்.

போன பௌர்ணமிக்கு எதிர்வீட்டுத் தங்கச்சியிடம், "பாவமான்னு தெரியலம்மா, பங்கு இருக்கு" என்றேன். ஒரு முழம் மல்லியை அளந்து கொடுத்து, சாமிக்குச் சாத்தச் சொன்னாள். வழக்கமாக என்னிடம் காசு வாங்கமாட்டாள். அன்று வாங்கிக்கொண்டாள்.