மறுபடியும் களத்தில் கால் ஊன்று!

தம்பி, முதலில் எழுந்து உட்கார்! "ஜவ்வு கிழிஞ்சிருச்சாம், இனிமே கபடியெல்லாம் அவ்வளவுதான்" என்று தெருவே பேசுகிறது. நீயும் அதை நம்பி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய். ஊர்வாய் சொன்னதைக் கேட்டு எவனும் கோப்பை வாங்கியதில்லை. எது கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது, தானாக ஆறுமா, ஆறாவிட்டால் வழி என்ன? இந்த நாலையும் தெரிந்துகொள். உன் பயத்தில் பாதி அங்கேயே கழன்று விழும்.

எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டி வைத்திருப்பவை இந்த ஜவ்வுகள். பல புரிகளை முறுக்கித் திரித்த தேர்வடம் போன்றவை. புரிகள் இழுபட்டு நைந்திருந்தால் முதல் நிலை. சில புரிகள் அறுந்திருந்தால் இரண்டாம் நிலை. வடமே அறுந்துவிட்டால் மூன்றாம் நிலை. நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் "சுளுக்கு" என்று ஒரே பெயர் வைத்து, ஒரே வைத்தியமும் பார்த்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்புறம் வீங்குவதுதான் எல்லோருக்கும் வரும் சுளுக்கு. பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நிதானமாக ஆறும், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடு. துணியில் சுற்றிய ஐஸைக் கால் மணி நேரம் வை. க்ரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலைத் தூக்கி வை. வீக்கத்தோடு எண்ணெய் போட்டு உருவுவதும், மடக்கிச் சடக்கென்று இழுப்பதும் வேண்டவே வேண்டாம். பாட்டியின் அன்பு பெரியது. அந்தக் கை உன் தலையைத் தடவட்டும், கணுக்காலை விட்டுவிடட்டும். நாலு எட்டு நடக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறதா? உடனே எக்ஸ்ரே எடுத்துவிடு. ஆனால் எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு நன்றாக இருக்கிறது என்றதும் மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதே.

வலி போன பிறகும் அதே கால் மறுபடி மறுபடி பிசகுகிறதே, ஏன்? பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. காயத்தில் அந்தச் சேதி மங்கிப்போகிறது. அதை மீட்டெடுக்கும் பயிற்சிக்குக் காசே வேண்டாம். மருத்துவர் சரி என்றதும், காலையில் பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில். கணுக்கால் கிடுகிடுவென ஆடும். விரல்கள் தரையைக் கவ்வும். புறங்காலில் தசைநார்கள் புடைத்துத் துடிக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்து வெட்கப்படாதே! மறந்த பாடத்தை உன் கால் திரும்பப் படிக்கிறது. ஆட்டம் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கப் பார்.

முழங்கால் விஷயம் பெரியது. ரைடு போன வேகத்தில் சட்டென்று திரும்புகிறாய், பாதம் கபடி விரிப்பில் ஊன்றிக்கொள்கிறது, முழங்கால் உள்ளே மடங்குகிறது, "டப்" என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முழங்கால் பானையாகிவிடுகிறது. ஏ.சி.எல். எனப்படும் நடு ஜவ்வு முழுக்க அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

அதன் பிறகு நடப்பதுதான் உன் உண்மையான ஆட்டம். தொடை சூம்பிப் போயிருக்கும். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். அழுத்துவாய், தசை அசையவே அசையாது. பத்தாவது தடவை மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பை நம்பு! கைதட்ட ஆள் இல்லாத அந்த அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாயே, அதைத்தான் நான் தன்னம்பிக்கை என்கிறேன். ஐந்தாம் ஆறாம் மாதத்தில் வலி இருக்காது. "சும்மா ஒரு மேட்ச் வா" என்று கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். போகாதே! பொருத்திய ஜவ்வு இன்னும் பலப்பட்டு முடியவில்லை. குறைந்தது ஒன்பது மாதம் பொறு. அடிபட்ட தொடை மற்றதன் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டட்டும். காலம் கனியும் முன் இறங்குவதற்கு வீரம் என்று பெயர் இல்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தைப் பார். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீனாவின் சுன் யானானோடு மோதும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஸ்ட்ரெச்சரில் அழுதபடி வெளியேறினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே அதே சுன் யானான் எதிரே வந்து நின்றார். வினேஷ் அவரை வீழ்த்தி, தங்கத்தோடுதான் திரும்பினார். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான். 2023 ஆகஸ்டில் மறுபடி முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடப்புச் சாம்பியன் யுய் சுசாகியைச் சாய்த்தார். எடையில் 100 கிராம் கூடி இறுதிப்போட்டி பறிபோனது ஆறாத வேதனைதான். ஆனால் அந்த முழங்கால் அவரைக் கைவிடவில்லை.

தம்பி, தங்கை, பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த தாள் எங்கே? மருந்துப் பைக்குள் மடங்கிக் கிடக்கிறதா? எடு, கண்ணில் படும்படி சுவரில் ஒட்டு. சாயங்காலப் பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது. எழுந்து செய்!