கர்மா என்று சொல்லிவிட்டால் போதுமா?



போன வருஷம் எங்கள் விடுதியில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். என் அறை நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்டுடாதே மச்சான்" என்றான். போடவில்லை.

மூன்றாவது செமஸ்டரில் அவன் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்வான். ஆனால் எட்டு மணி வகுப்புக்குக் கட்டிலை விட்டு இறங்க மாட்டான். சாப்பாடு குறைந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீ போ" என்பான். லெப் ரிப்போர்ட்டை நானே எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பினேன். சரியான சோம்பேறி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் இரவு அவனே வாயைத் திறந்தான். "எதுக்குமே மனசு வரலடா. ஏன்னே தெரியல."

நான் கோயில் இளைஞர் பிரிவில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். பதில் தயாராக இருந்தது. "எல்லாம் கர்ம வினைடா. அனுபவிச்சுத்தான் தீரணும். காலையில எழுந்து தியானம் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். நல்ல புத்திமதி சொன்ன திருப்தியோடு தூங்கினேன். அந்தத் திருப்திதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வேறொரு நண்பன்தான் அவனைப் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்து, சிகிச்சை பெற்று, இப்போது மறுபடியும் படிக்கிறான். சில மாதங்கள் கழித்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு கர்மான்னு சொன்னது தப்புடா" என்றேன். அவன் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே சொன்னான்: "அது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. சொல்லிட்டு நீ தூங்கிட்டே. அதான்."

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அடுத்தவருடைய துன்பத்துக்கு நாம் காரணம் சொல்லும்போது, உண்மையில் என்ன செய்கிறோம்?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. 1966இல் மெல்வின் லெர்னர், கேரலின் சிம்மன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நடத்தியது. ஒரு பெண் பாடம் படிக்கிறாள். தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி. மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நடிக்கிறாள், அதிர்ச்சி பொய் என்பது அவர்களுக்குத் தெரியாது. சிலருக்கு அவள் துன்பத்தை நிறுத்த வழி கொடுத்தார்கள். சிலருக்கு வழியே இல்லை. அவள் இன்னும் துன்பப்படுவாள் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவளைப் பற்றிக் கேட்டபோது, ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்தவர்கள்தான் அவளை அதிகம் மட்டம் தட்டிப் பேசினார்கள்.

ஏன் அப்படி? உலகம் நியாயமானது, கெட்டது கெட்டவர்களுக்குத்தான் நடக்கும் என்று நம்பினால்தான் நமக்கு நிம்மதி என்கிறார் லெர்னர். ஒன்றும் அறியாத ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் அந்த நிம்மதி ஆட்டம் காணும். அவரிடமே ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், நிம்மதி திரும்பி வந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீர் என்றது. அன்று இரவு நான் பேசியது சித்தாந்தம் இல்லை. பயம். அவனுக்கு வந்தது எனக்கும் வரலாம் என்ற பயம்.

அப்படியென்றால் கர்மக் கொள்கையே பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது என்று வகுப்பில் நாமே படித்திருக்கிறோம். சேர்த்து வைத்திருப்பது சஞ்சிதம். இப்போது அனுபவிப்பது பிராரத்தம். இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். என் நண்பன் பட்டது அவனுடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப் புத்தகம் என் கையில் இல்லை. ஆனால் அவன் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் என்ன செய்தேனோ, அது என் ஆகாமியம். அவன் கணக்கைப் பேசிக்கொண்டே என் கணக்கில் வரவு வைத்தேன். நல்ல வரவு இல்லை.

கீதையைப் பாருங்கள். அதன் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம், மனத்தளர்ச்சி. அர்ஜுனனுக்கு உடம்பு நடுங்குகிறது, வாய் வறண்டு போகிறது, வில் கையை விட்டு நழுவுகிறது. அவனுக்கு டிப்ரெஷன் என்று நான் சொல்ல வரவில்லை. கிருஷ்ணர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கிறேன். எல்லோருடைய வினைக்கணக்கும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "உன் கர்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தேரை விட்டு இறங்கியிருக்கலாம். முதலில் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுகிறார். ஆனால் இறங்கவில்லை. பதினெட்டு அத்தியாயம் வரைக்கும் கேள்வி கேட்க விடுகிறார், பதில் சொல்கிறார். கடைசியில்கூட, நன்றாக யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறார்.

இதுவரை படித்துவிட்டு, "கர்மாவை விட்டுட்டு சைக்காலஜி பேசினா போதும்" என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் நான் அதே தப்பைச் செய்தேன். டாக்டர் பெயர் சொன்ன பிறகு, அவன் எது செய்தாலும் "டிப்ரெஷன்ல இருக்கான், விடு" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவன் கோபப்பட்டால் டிப்ரெஷன், சிரிக்காவிட்டால் டிப்ரெஷன். டிராமா, டாக்ஸிக் என்று இப்போது நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைகளும் இப்படித்தான். புது வார்த்தை, பழைய தூக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் பொறுப்பு போய்விடுமா? 1973இல் டார்லி, பாட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் சமயக் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். வழியில் ஒருவர் முடியாமல் சுருண்டு கிடக்கிறார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். மிகவும் அவசரமாக அனுப்பப்பட்டவர்களில் உதவியது வெறும் 10 விழுக்காடு. சமயம் படித்தவர்களுக்கே இந்த நிலைமை.

எனக்கும் மறுநாள் காலையில் டெஸ்ட் இருந்தது. ஆக, அன்று இரவு நான் ஏன் அப்படி நடந்தேன் என்பதற்கு உளவியல் நல்ல காரணம் தருகிறது. ஆனால் அதை என் நண்பனிடம் போய், "டெஸ்ட் இருந்துச்சுடா, அதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்மைதான். ஆனால் அது எனக்குச் சாக்கு ஆகாது. அடுத்த முறை அவசரத்தில் இருக்கும்போது கொஞ்சம் நிற்க வேண்டும் என்று அது எச்சரிக்கிறது, அவ்வளவுதான். அவனும் நோய் இருந்த நாட்களில் அம்மாவிடம் கத்தியதற்குப் பிறகு போய் மன்னிப்புக் கேட்டான். நோயைச் சாக்காக வைக்கவில்லை. அதில் அவன் எனக்கு ஆசிரியன்.

அப்படியானால் காரணம் எதற்கு? எந்தக் கதவைத் திறப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். நாங்கள் படிக்கும் கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று ஒன்று உண்டு. பெயர்தான் பாசிட்டிவ். சின்ன ஆட்டத்தைப் பெரிய ஆட்டமாக்கிவிடும். வகுப்புக்குப் போகவில்லை, பாடம் தேங்குகிறது, வெட்கம் வருகிறது, வெட்கத்தில் மறுபடியும் வகுப்புக்குப் போகவில்லை. இந்தச் சுற்று புரிந்தால், "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று சொல்வது எவ்வளவு வீண் என்றும் புரியும். அவனுக்குச் சிகிச்சையில் மருந்தோடு சின்னச் சின்ன வேலைகளும் கொடுத்தார்கள். பத்து நிமிடம் நடை. ஒரு வேளை சாப்பாடு யாரோடாவது சேர்ந்து. மனசு வந்த பிறகு செய்வது இல்லை, செய்யச் செய்ய மனசு வருவது. அந்தப் பத்து நிமிடம் கூட நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் முதலிலேயே இருந்திருக்கலாம்.

நம் நாடும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடம் தந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. தண்டிக்க வேண்டியவர் இல்லை, பக்கத்தில் ஆள் வேண்டியவர் என்று சட்டமே ஒத்துக்கொண்டது. நம் கோயில் வாசலிலும் வீட்டு வரவேற்பறையிலும் அந்தப் பிரிவு இன்னும் நீங்கவில்லை.

கோயில் இளைஞர்கள் நாம். யாராவது நம்மிடம் வந்து "மனசு சரியில்லை" என்றால், பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். "எப்பலேர்ந்துடா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். உங்களால் தாங்க முடியாது என்று தோன்றினால், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 இருக்கிறது, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருக்கிறது. கூடவே இருந்து அழையுங்கள். கோயிலுக்கும் அழைத்துப் போங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

இந்தச் செமஸ்டரும் அவனும் நானும் ஒரே அறைதான். இரவில் அவன் ஏதாவது பேச ஆரம்பித்தால், நான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.