சீட்டுப் போட்டுத் தரும் மருந்து

மூச்சுத் திணறலோடு வார்டில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு மருந்து உதவக்கூடும் என்று மருத்துவருக்குத் தோன்றுகிறது. அதைத் தருவதா இல்லையா என்பதைக் கணினி போடும் சீட்டுக்கு விட்டுவிடுவது அறமாகுமா? 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ‘ரெக்கவரி’ ஆய்வு அதைத்தான் செய்தது. புது மருந்து உருவாக்க அவகாசமில்லாத நேரம். வேறு நோய்களுக்குப் புழக்கத்தில் இருந்த மருந்துகளில் எது கொரோனாவுக்குக் கைகொடுக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தேடினார்கள்.

கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவதுதானே கருணை?

உலகம் முதலில் அப்படித்தான் நினைத்தது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தற்காப்பாகப் பரிந்துரைத்தது. அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. ரெக்கவரியின் கணக்கோ வேறு சொன்னது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், அந்த மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம். பெறாதவர்களில் 25 சதவீதம். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் மருந்து உயிரைக் காக்கவில்லை என்பது உறுதியானது.

டெக்ஸாமெத்தசோன் கதை இன்னும் கூர்மையானது. 1950-களிலிருந்து இருக்கும் மலிவான ஸ்டீராய்டு அது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுமே என்று பல மருத்துவர்கள் தயங்கினார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பை அது 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது என்று தெரிந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனில்லை, கெடுதல்கூட செய்திருக்கலாம். சீட்டுப் போடாமல், அவரவர் மனம் போனபடி கொடுத்திருந்தால் இந்த வேறுபாடு பிடிபட்டிருக்காது. நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும் மருந்தின் குணம் மாறாது.

தத்துவ அறிஞர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் 1987-லேயே இப்படிச் சீட்டுப் போடுவதற்கு ஒரு நியாயம் சொன்னார். தனி மருத்துவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது முக்கியமல்ல. எது சிறந்த சிகிச்சை என்பதில் மருத்துவ உலகமே உண்மையாகக் கருத்து வேறுபட்டிருக்கும்வரை, சீட்டால் யாருக்கும் துரோகம் இல்லை என்றார். மூச்சுக்குப் போராடுபவரின் சம்மதம் எவ்வளவு முழுமையானது என்ற உறுத்தல் அப்போதும் தீராது. சம்மதம் சொல்ல முடியாதவருக்காக வேறொருவர் கையெழுத்திடும் ஏற்பாடும் ரெக்கவரி ஆய்வில் இருந்தது.

தடுப்பூசியில் கேள்வி தலைகீழானது. ஃபைசர்–பயோஎன்டெக் ஆய்வில் சுமார் 43,000 தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. நோய் கண்ட 170 பேரில் 162 பேர் உப்புநீர் போட்டுக்கொண்டவர்கள். இனி அறியாமை என்று சொல்ல வழியில்லை. நீண்டகால ஒப்பீட்டுக்காக உப்புநீர் பெற்றவர்களை அப்படியே விட்டுவைக்கலாம் என்று சில அறிஞர்கள் வாதிட்டார்கள். அனுமதி கிடைத்த பிறகு நிறுவனம் அவர்களுக்கும் தடுப்பூசி வழங்கத் தொடங்கியது. ஒப்பீடு பலவீனப்பட்டாலும் அதுவே சரியான முடிவு.

தடுப்பூசி போதாத நாடுகளில் அடுத்த ஊசியைச் சோதிக்க உப்புநீர் தரலாமா என்ற விவாதமும் உடனே எழுந்தது. எது காக்கும் என்று தெரியாத நிலைக்குச் சொன்ன நியாயத்தை, தெரிந்தும் வாங்க வசதியில்லாத நிலைக்கு நீட்ட முடியாது.