வாங்கிய நூலும் வாடகை நூலும்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். நாற்சந்தியில் கடை வைத்திருப்பவனிடம் வழி கேட்போர் பலர் வருவர். அண்மையில் நம்மவர் சிலர் ஓரிடத்தில் கூடியிருந்தபோது வழி கேட்டவர்கள் வெளியூரார் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைகளே. வாசிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அதை எவ்வழியில் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

வாலிபர் ஒருவர் எழுந்து, "மின்னூல் கருவி வாங்கித் தாருங்கள். கையகலப் பலகை ஒன்றில் ஆயிரம் நூல்கள் அடங்கும்" என்றார். பெரியவர் ஒருவர், "அதெல்லாம் வேண்டாம் தம்பி, அச்சுப் புத்தகம் வாங்கி அலமாரியில் வைப்போம். கையால் தொட்டுப் புரட்டுவதுதான் புத்தகம்" என்றார். மூன்றாமவர் கணக்கில் கெட்டி. "இரண்டும் வீண்செலவு. செபராங் ஜெயாவில் பொது நூல்நிலையம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் தீவில் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மின்னியல் நூல்நிலையமும் இருக்கிறது. அரசாங்கம் தருவதை விட்டுவிட்டு நாம் ஏன் கைக்காசைக் கரைக்க வேண்டும்?" என்று கேட்டார். தேநீர் ஆறியது, முடிவு ஏற்படவில்லை.

அன்று நாம் பெரியவர் கட்சியில் இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் தனித்திருந்து சிந்தித்தபோது, மூவர் கூற்றிலும் நியாயம் உண்டு என்பதும், மூவருமே முதன்மையான கேள்வியைக் கேட்கவில்லை என்பதும் விளங்கின. அக்கேள்வி நம் மனத்தில் எழக் காரணமாக இருந்தது நாம் நேரில் அறிந்த ஒரு சம்பவம்.

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் கடை, இரவில் கல்லாவை மூடியபின் ஒரு மணி நேரம் படிப்பு. நாற்பது ஆண்டுகளில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் சேர்த்தார். அவற்றுள் தாயகத்திலிருந்து பெட்டியில் வந்தவை பல. ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை சில. முதுமையில் சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கிற்று. அச்செழுத்து மங்கியது. அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பேரன் ஒரு மின்னூல் கருவியை வாங்கி வந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தான். பெரியவர் பிள்ளையைப் போல மகிழ்ந்தார். தம் ஆயுளின் கடைசி மூன்றாண்டுகள் மீண்டும் படித்தார். பக்க ஓரத்தில் குறிப்பு எழுதும் பழக்கத்தையும் அக்கருவியிலேயே தொடர்ந்தார்.

பின்னர் அவர் மௌத்தாகிவிட்டார். ஆறு மாதம் கழித்து வீட்டை விற்றார்கள். அலமாரிப் புத்தகங்களைப் பழைய காகிதம் வாங்குவோர் நிறுத்து எடுத்துச் சென்றனர். வேண்டுமென்று செய்த காரியம் அன்று. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டில் எவரும் இல்லை. சரி, கருவியாவது மிஞ்சிற்றா? அதன் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் பெரியவருக்கு மட்டுமே தெரியும். அதில் இருந்த நூல்களும் குறிப்புகளும் அவரோடு போயின. ஆனால் என்றோ ஒருநாள் மத்ரஸாப் பிள்ளைகளுக்கென்று அவர் கொடுத்த ஐந்தாறு புத்தகங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கிறது, பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்த கிழிசல் அது.

அவர் வைத்துக்கொண்டவை போயின, கொடுத்தவை நின்றன. இச்சம்பவத்திற்குப் பின் நாம் கேட்கும் கேள்வி இதுவே: கருவியோ காகிதமோ எதுவாயினும், நமக்குப்பின் அந்த நூல் யார் கையில் இருக்கும்?

முதலில் மின்னூலை எடுத்துக்கொள்வோம். நாம் வணிகர்கள். விற்பனை வேறு, வாடகை வேறு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கிய சரக்கை நான் விற்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், என் வாரிசு எடுத்துக்கொள்ளலாம். விற்றவன் நள்ளிரவில் என் கிடங்கைத் திறந்து சரக்கைத் திரும்ப எடுத்துச் செல்ல முடியுமானால் அது விற்பனை ஆகுமா?

இது வெறும் கற்பனையன்று. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களின் பிரதிகளை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே நீக்கிவிட்டது. அவற்றை விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் அக்கருவியில் பாடக்குறிப்பு எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவரின் உழைப்பு பயனற்றுப் போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடிற்று. அங்கே வாங்கிய நூல்கள் யாவும் திறவாமற் போயின. அங்கும் பணம் திரும்பக் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. மின்வடிவில் விற்கப்படும் பொருளுக்கு வாங்குவோர் பெறுவது உடைமையன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே எனில், அதை விற்பவர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அளவையிலும் நிறுவையிலும் மோசம் கூடாது என்று நம் பெரியோர் போதித்த நெறிக்கு இது புதியதன்று. வாடகையை வாடகை என்று சொன்னால் குற்றமில்லை. வாடகையை விற்பனை என்று சொல்வதே குற்றம்.

இதைக் கொண்டு மின்னூலை ஒதுக்கிவிடுவோமா? கூடாது. கண் மங்கிய அப்பெரியவருக்கு மூன்றாண்டு வாசிப்பைத் தந்தது அந்த வாடகைப் பொருள்தான். நாமெல்லாரும் வாடகைக் கடையில் வாணிபம் செய்து பிழைத்தவர்களே. வாடகைக்கு இருப்பது இழிவன்று. வாடகை வீட்டைப் பிள்ளைக்கு எழுதி வைத்ததாக எண்ணிக்கொள்வதே அறியாமை.

புதுமையை வெறுப்பது நம் மரபுமன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஓலையிலேயே கிடந்தது. ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 1842ஆம் ஆண்டில் அதை முதன்முதலாக அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர். ஓலைதான் நூல், காகிதம் நூலாகாது என்று அவர் இருந்திருப்பாரேயானால் அக்காப்பியம் இத்தனை வீடுகளை எட்டியிராது. நம் பினாங்கிலும் 1883ஆம் ஆண்டிலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் பத்திரிகையை நடத்தினார். நம் முன்னோர் காலத்துக்கு முந்தி நின்றவர்கள்.

இனி, அச்சுப் புத்தகம். இதை நேசிப்போர் அதன் குறைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நாட்டின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. கறையான் விலை பார்த்துத் தின்பதில்லை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அடித்தட்டுப் புத்தகமே. இவையெல்லாவற்றையும்விடப் பெரிய பகை ஒன்றுண்டு, அது பூட்டு. கண்ணாடிக் கதவிட்டுப் பூட்டிய அலமாரி வீட்டுக்கு அழகாயிருக்கலாம். அதனுள் இருக்கும் நூல் விற்காத சரக்கைப் போன்றது. ஐந்தொகையில் சொத்தாகக் காட்டலாம், பயன் ஒன்றுமில்லை.

மூன்றாவது, நூல்நிலையம். பினாங்கில் 1817ஆம் ஆண்டிலேயே நூல்நிலையம் தோன்றிவிட்டது. ஆதலின் நூல்நிலையம் இருக்கிறதே என்று சொன்ன நண்பர் கூற்று உண்மையே. ஆயினும் அவரிடம் ஒன்று கேட்போம்: அங்கே நம் நூல்கள் எத்தனை? நம் புலவர்கள் பாடியவை, நம் சங்கங்கள் வெளியிட்ட மலர்கள், அரபுத்தமிழில் அச்சான சிறு நூல்கள் ஆகியவற்றை நாம் கொண்டுபோய்க் கொடுக்காமல் வேறு எவர் கொடுப்பர்? பிறர் வைத்த விருந்தில் நம் ஊர்க் கறியைத் தேடுவது முறையாகுமா?

நூல்நிலையத்துக்கும் ஆபத்து உண்டு. 1981ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் வெந்து சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது, அவ்வேடுகள் மீளவில்லை. அந்தத் துயரத்தைக் கண்ட சமுதாயத்திலிருந்துதான் 2005ஆம் ஆண்டில் 'நூலகம்' என்னும் மின்னூலகம் பிறந்தது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து, உலகில் எவரும் காசின்றிப் படிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே மின்வடிவம் வாடகைச் சரக்கன்று, பொதுச்சொத்து.

இதற்கு நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம். 1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். அக்காலத்து இதழ்கள் எத்தனையோ இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. சிங்கை நேசனோ நிலைத்தது. எவரோ காகிதப் பிரதிகளைக் காப்பாற்றினர். பின்னர் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பக்கங்களைப் படமாக்கி இணையத்தில் வைத்தது. சிம்பாங் அம்பாட்டில் கல்லாவில் அமர்ந்தபடியே கைபேசியில் அதை இன்று நாம் படிக்கலாம். காகிதம், நூல்நிலையம், மின்வடிவம் ஆகிய மூன்றும் கைகோத்தபோதுதான் இது ஆயிற்று. ஒன்றை விட்டு ஒன்று என்று நின்றிருந்தால் இன்று ஒன்றும் இராது.

"கடைக்காரனுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?" என்று சிலர் கேட்பர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். பெரிய பல்கலைக்கழகத்துப் பண்டிதர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஊரார் கழித்த நூல்களையும் நோட்டீசுகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் அவர் சேகரம் சென்னையில் 1994ஆம் ஆண்டு ஆராய்ச்சி நூலகமாயிற்று. கைத்தொழில் செய்தவரால் இயன்றது கைப்பொருள் உள்ளவர்களால் இயலாதா?

இன்னொரு கேள்வி நம்மை உறுத்துகிறது. "நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் படிக்க ஆளில்லை. யாருக்காகச் சேர்ப்பது?" இதற்கு எளிதான விடை நம்மிடம் இல்லை. அப்பெரியவரின் மூன்று அலமாரிகளும் எடைக்குப் போனது இதனாலேயே. ஆயினும் ஒன்று சொல்வோம். பேரனுக்குத் தமிழ் தெரியாமற் போனது அவன் பிழையன்று. ஆனால் அவனுடைய மகள் ஒருநாள், "என் பாட்டனாரின் வாப்பா என்ன படித்தார்?" என்று கேட்டு வரக்கூடும். அன்று அவள் கையில் கொடுக்க ஒன்றும் இல்லையானால் அது நம் பிழை. படிப்பவர் வருவாரா என்பது நம் கையில் இல்லை. வருபவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இது. உங்கள் சொந்த வாசிப்புக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கருவியானால் அது வாடகை என்று அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலைத்திருக்க வேண்டிய நூலை அச்சில் வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஒன்றைப் பலர் கைபடும் இடத்தில் வையுங்கள். வேறெங்கும் கிடைக்காத பழைய நூலோ மலரோ உங்களிடம் இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு படமெடுத்து, மின்னூலகங்களுக்குக் கொடுங்கள். பள்ளிவாசலுக்கு நிலம் வக்ஃபு செய்த சமுதாயம் நாம். நூலையும் வக்ஃபு செய்யலாம். பயன் தரும் கல்வி, விட்டுச் சென்றவனுக்கு மரணத்தின் பின்னும் நன்மை சேர்க்கும் என்பதை நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம்.

ஒதுக்கிய தொகையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்றிருக்கிறது. இவ்வாரம் ஓர் இரவு கடை அடைத்தபின் உங்கள் அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, உங்களுக்குப்பின் அது யாரிடம் போக வேண்டும் என்று குறியுங்கள். கருவியிருந்தால் அதன் கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கடன் பற்று வரவை எழுதி வைக்காமல் நம்மில் எவரும் கண் மூட விரும்புவதில்லை. நூலும் அத்தகைய ஓர் அமானத்தே.